பதிவேடும் மருந்தும்: மரக்காணம் கடற்கரையில் ஈழத்து ஏதிலியர்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுவை நோக்கித் தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையில், ஐயனார் கோயிலால் பெயர்பெற்ற கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் உள்ளது. இக்கடற்கரை பழமை வாய்ந்தது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அத்தொன்மையை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. கீழ்ப்புத்துப்பட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் ஈழத்தமிழர் முகாமைக் குறித்தே எழுதப் புகுகிறோம். போரினால் துரத்தப்பட்டோர் நோயுற்றபோது மருத்துவரை எவ்வாறு அடைந்தனர் என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு விடை காண முதலில் இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்துக்குச் செல்லவேண்டும். கடல் கடந்து வந்தோரில் மிகப் பலர் முதலில் தங்கவைக்கப்பட்ட இடம் அதுவே. 1983 ஜூலை கலவரத்துக்குப்பின் 1987 வரை 1,34,000 பேரும், 1989 முதல் 1991 வரை 1,22,000 பேரும் தமிழகம் வந்தனர் என அரசுக் கணக்கு கூறுகிறது. அவர்களை வரவேற்ற மண்டபம் முகாம் புதிதாகக் கட்டப்பட்டதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களைச் சில நாள் நிறுத்திவைத்து, வாந்திபேதியும் பெரியம்மையும் உண்டோ எனச் சோதித்து அனுப்புவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட நோய்த்தடுப்பு முகாமே அது. அங்கே மருத்துவர் இருந்தார், ஊசி இருந்தது, பதிவேடும் இருந்தது. ஆனால் அந்த மருத்துவம் கூலியின் நலத்தைவிடத் தோட்டத்தின் நலத்தையே பெரிதாக எண்ணியது. அதே மண்ணில் அரை நூற்றாண்டு கழித்து எதிர்த்திசையிலிருந்து தமிழர் வந்திறங்கியதை வரலாற்றின் கசப்பான விளையாட்டென்றே சொல்லத் தோன்றுகிறது.

வந்தோர் மருத்துவமனையை அறியாதவரல்லர். இலங்கையில் அரசு மருத்துவமனைகள் கட்டணமின்றி நடந்தன. வடக்கிலோ, 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கியிருந்தார். நம் திருச்சபை வரலாற்றை ஓதுவோர் மறக்கலாகாத பெயர் அது. போர் இந்த ஏற்பாட்டையே தாக்கியது. 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாட்களில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர், தாதியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியத் திருச்சபையினராகிய நாம் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட இயலாது. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்கு மருந்துகள் செல்வதும் தடைப்பட்டது. ஆகவே படகேறியோரிற் பலர் குண்டுக்கு மட்டுமல்ல, மருந்தின்மைக்கும் அஞ்சியே வந்தனர்.

இனிக் கீழ்ப்புத்துப்பட்டுக்குத் திரும்புவோம். முகாமுக்குத் தெற்கே சில கல் தொலைவில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் எல்லை தொடங்குகிறது. ஜிப்மர் மருத்துவமனை அங்குள்ளது. பிற்காலத்தில் காலாப்பட்டை ஒட்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. முகாமோ தமிழக அரசின் பொறுப்பில் உள்ளது. மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரி மேற்கே வெகுதொலைவில் முண்டியம்பாக்கத்தில் 2010இல்தான் வந்தது. பெருநோய்க்கு அருகிலுள்ள வழி, வேறோர் ஆட்சிப்பகுதியின் வழியாக அமைந்தது.

தூரம் இங்கே பெருந்தடையன்று. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் முகாம்கள் மீது காவல் இறுகியது. வெளியே செல்ல அனுமதி வேண்டும். ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் நிற்கவேண்டும். இல்லாவிடில் உதவித்தொகை நிற்கும், பெயரும் நீங்கலாம். மருத்துவமனையில் படுத்திருப்பவனுக்கு இதன் பொருள் யாதென நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவனது பெயர் இரு பதிவேடுகளில் உள்ளது. ஒன்றில் இருக்கும் நாளில் மற்றொன்றில் இல்லாதவனாகிறான். எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில் அடைக்கலப்பட்டணத்தின் எல்லையைத் தாண்டுவோன் பாதுகாப்பை இழக்கிறான். ஆனால் அச்சட்டம் கைப்பிசகாய்க் கொலை செய்தவனுக்கு உரியது. இவர்கள் கொலைக்குத் தப்பி வந்தவர்கள்.

அந்த ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களும் முகாம்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1983இல் ஆடையும் பால்மாவும் சுமந்துசென்ற நம் சபைகளும் மெல்ல வேறு பணிகளுக்குத் திரும்பின. தடை நீங்கியபின்னும் நம்மிற் பலர் திரும்பிச் செல்லவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதவேண்டும்.

இடைவெளியை ஓரளவு நிரப்பியவர்கள் ஏதிலியரே. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், தந்தை செல்வா என மக்கள் அழைத்த சா. ஜே. வே. செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன் முன்னின்று அமைத்தது. முகாம்வாசிகளையே, சிறப்பாகப் பெண்களை, அது நலவாழ்வுத் தொண்டர்களாகப் பயிற்றியது. கருவுற்றோர் கவனிப்பு, குழந்தைகளின் எடை, சத்துணவு ஆகியன அவர்கள் பணி. உள்ளேயே வாழும் தொண்டருக்கு நுழைவு அனுமதி தேவையில்லை என்பது இவ்வேற்பாட்டின் வலிமை. அவர் வைத்திருந்த குறிப்பேடு எவரையும் நீக்குவதற்காக எழுதப்பட்டதன்று.

பிற்காலத்தில் அரசும் கதவைப் பெரிதும் திறந்தது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாழ் ஏதிலியருக்கு வருமான வரம்பு இல்லை. 2021இல் முகாம்களின் பெயரே 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டு, புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. எனினும் இவையாவும் அரசாணையால் வந்தவை. ஏதிலியர் குறித்த 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச்சட்டமும் இங்கில்லை. ஆணையால் வந்தது ஆணையால் போகலாம்.

நாற்பது வயதில் வந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவருக்கு வேண்டுவது படகிலிருந்து இறங்கியவனுக்குரிய அவசர சிகிச்சையன்று, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் தரவேண்டிய மாத்திரை. அவர் மகன் வண்ணம் பூசும் நாட்கூலியாயின், தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் வீட்டில் கூலியில்லை.

2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதாரம் சரிந்து மருந்தும் உணவும் அரிதானபோது, தனுஷ்கோடி மணல்திட்டுகளில் மீண்டும் குடும்பங்கள் வந்திறங்கின. அவர்களும் மண்டபம் முகாமில் வைக்கப்பட்டனர்.