வியன்னா நகரத்து வீடுகள்

கதை எழுதுகிறவனுக்கு வீடு ஒரு பெரிய தொல்லை. ஒரு பாத்திரத்தை உண்டாக்கினால் மட்டும் போதாது. அவனைக் குடிவைக்க ஓர் இடமும் பார்த்தாக வேண்டும். சொந்த வீட்டில் வைத்தால் ஒரு கதை. வாடகை வீட்டில் வைத்தால் வேறொரு கதை. ஒண்டுக் குடித்தனத்தில் வைத்துவிட்டாலோ கதை தானாகவே நடக்கத் தொடங்கிவிடும். ஒரு குழாய், அதன் முன்னே வரிசையாகப் பத்துக் குடங்கள், மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரர் - இதற்குமேல் நாவலாசிரியன் என்ன கற்பனை செய்துவிடப் போகிறான்?

இந்தக் குழாயடி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பேர்போன வியன்னா நகரத்திலும் அது இருந்தது. மாடிக்கு மாடி நடைவழியில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அதன் அடியில் இரும்புத் தொட்டி. 'பஸேனா' என்பது அதன் பெயர். அந்தத் தளத்துக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் பிடிப்பார்கள். ஊர் வம்பும் அங்கேதான் பிறக்கும். கக்கூஸும் நடைவழியில்தான், அதுவும் பொது.

1910-ஆம் வருஷம் வியன்னாவின் ஜனத்தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆஸ்திரிய ஹங்கேரிய சாம்ராஜ்யத்தின் தலைநகரம் அது. அகன்ற ராஜவீதியில் அரண்மனைகளும் நாடக மாளிகைகளும் வரிசையாக நின்றன. செங்கல் சூளையிலும் ஆலையிலும் வேலை செய்ய வந்த ஜனங்கள், அந்த வீதியிலிருந்து சற்றுத் தள்ளி, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள பொந்துகளில் அடைந்து கிடந்தார்கள். அந்தப் பொந்துக்கும் வாடகை கட்டுபடியாகாமல், படுக்கையை மட்டும் உள்வாடகைக்கு விடுவார்கள். இரவு வேலைக்குப் போகிறவன் பகலில் அதில் தூங்குவான். பகல் வேலைக்காரன் இரவில் தூங்குவான். மெத்தை ஆறுவதற்கு நேரமில்லை. காற்றும் வெயிலும் நுழையாத அறைகளில் க்ஷயரோகம் குடியேறிற்று. ஐரோப்பாவில் அந்த நோய்க்கே 'வியன்னா வியாதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் என் மனத்தில் தங்கிவிட்டது. இரவு பத்து மணிக்குக் கட்டடத்தின் தெருக்கதவைக் காவல்காரன் பூட்டிவிடுவான். குடித்தனக்காரனிடம் சாவி கிடையாது. நேரம் கழித்து வருகிறவன் மணியடித்து, காவல்காரனை எழுப்பி, கையில் சில்லறை வைத்தால்தான் உள்ளே போகலாம். வாடகை கொடுத்தும் தன் வீட்டுக்குள் நுழையக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வீடு யாருடையது என்பதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

முதலாவது மகாயுத்தம் வந்தது. போர்முனையில் இருக்கும் சிப்பாயின் மனைவி மக்களை வீட்டுக்காரர் தெருவில் தள்ளினால், சிப்பாய் துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவான் என்று சர்க்காருக்குப் பயம் வந்துவிட்டது. 1917-இல் வாடகையை உயர்த்தவும் குடித்தனக்காரரை வெளியேற்றவும் தடை போட்டு ஓர் உத்தரவு பிறந்தது. கருணையினால் பிறந்ததல்ல, யுத்த நிர்ப்பந்தத்தினால் பிறந்தது. ஆனால் வரலாற்றில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் புறவாசல் வழியாக வந்திருக்கின்றன.

1918-இல் சாம்ராஜ்யம் உடைந்தது. வியன்னா ஒரு சின்னஞ்சிறு தேசத்தின் மிகப் பெரிய தலைநகரமாக நின்றது. உணவில்லை, விறகில்லை. பட்டினிக்குத் தப்ப ஜனங்கள் ஊரோரத்து நிலங்களில் குடிசை போட்டுக் காய்கறி பயிரிட ஆரம்பித்தார்கள். அடால்ஃப் லோஸ் என்னும் பிரசித்தி பெற்ற கட்டடக் கலைஞரே சில காலம் நகரசபையின் குடியேற்ற அலுவலகத்தில் அவர்களுக்காக உழைத்தார். 1919 மே மாதம், ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின் நடந்த நகரசபைத் தேர்தலில் சோஷல் டெமாக்ரட் கட்சி வென்றது. 1922-ஆம் வருஷத் தொடக்கத்தில் வியன்னா தனி மாகாணமாயிற்று. அதாவது, தன் வரியைத் தானே விதித்துக்கொள்ளும் அதிகாரம் நகரத்தின் கைக்கு வந்தது.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். ஹ்யூகோ பிரைட்னர் என்பது அவர் பெயர். தொழிற்சங்கத்தில் முழங்கி வந்தவரல்ல. பாங்கி டைரக்டராக இருந்தவர். நகரத்தின் நிதிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். புரட்சிக்காரர்கள் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருப்பதில்லை என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. பிரைட்னருக்குக் கணக்குத்தான் புரட்சி.

வீடு கட்டக் கடன் வாங்கினால் வட்டி ஏறும். வட்டி ஏறினால் வாடகை ஏறும். ஏழைக்காகக் கட்டிய வீட்டில் கடைசியில் ஏழை குடியிருக்க முடியாது. ஆகவே கடன் வேண்டாம், வரியிலிருந்தே கட்டுவோம் என்றார். 1923-இல் 'வீடு கட்டும் வரி' என்று ஒன்று வந்தது. வாடகைக்கு விடத்தக்க ஒவ்வோர் இடத்துக்கும், யுத்தத்துக்கு முன்பிருந்த வாடகையை அளவுகோலாக வைத்து வரி. சின்ன வீட்டுக்குப் பெயரளவுக்கு. வீடு பெரிதாக ஆக, விகிதமும் ஏறும். நகரத்திலேயே மிக உயர்ந்த மதிப்புள்ள கட்டடங்கள் 200-க்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருந்தன. மொத்த வரியில் ஏறக்குறைய 45 சதவிகிதத்தை அவை மட்டுமே செலுத்தின. இதோடு நின்றாரா? மோட்டார் காருக்கு வரி, பந்தயக் குதிரைக்கு வரி, கேளிக்கைக்கு வரி, ஒன்றுக்கு மேல் வேலைக்காரர்கள் வைத்துக்கொண்டால் அதற்கும் வரி. பணக்காரர் சமையற்காரனையும் தோட்டக்காரனையும் எண்ணும்போதெல்லாம் பிரைட்னரை நினைத்துக்கொண்டிருப்பார்!

நிலம் எங்கிருந்து வந்தது? இதுதான் கதையின் சூட்சுமமான பகுதி. வாடகையை உயர்த்தக் கூடாது என்ற பழைய உத்தரவு சட்டமாக நிலைத்துவிட்டது. பணவீக்கமோ தலைதெறிக்க ஓடிற்று. வாடகை என்பது வெறும் சில்லறையாகிவிட்டது. வாடகைக்கு வீடு கட்டுவதில் லாபமில்லை என்றதும், நிலத்தை வாங்குவாரில்லை, விலை விழுந்தது. நகரசபை ஒன்றே வாங்குகிறவராக நின்று, நிதானமாக வாங்கிற்று. பழைய வீட்டுச் சொந்தக்காரர்களில் பெருந்தனக்காரர்கள் மட்டும் இருக்கவில்லை. ஆயுள் சேமிப்பை ஒரு கட்டடத்தில் போட்டு, அந்த வாடகையில் முதுமையைக் கழிக்க எண்ணிய விதவைகளும் சிறு வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு அது பேரிடி. நல்ல காரியத்தின் செலவுக் கணக்கில் இவர்கள் கண்ணீரையும் எழுதத்தான் வேண்டும்.

5 வருஷத்தில் 25,000 வீடுகள் என்று 1923-இல் திட்டம் போட்டார்கள். அதைத் தாண்டி மேலும் கட்டினார்கள். 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் குடியேறினார்கள். வாடகை, ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் சுமார் 4 சதவிகிதம். கட்டிய முதலை வாடகையிலிருந்து திரும்பப் பெறுவது நோக்கமல்ல. பராமரிப்புச் செலவுக்கு வந்தால் போதும்.

வீடுகள் பெரியவை என்று நினைத்துவிட வேண்டாம். ஆரம்பத்தில் கட்டியவற்றில் பெரும்பாலானவை 38 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் 410 சதுர அடி. குளியலறை கிடையாது. ஆனால் தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. கக்கூஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சம் வந்தது. நடுவே விசாலமான முற்றம், அதில் மரங்கள், குழந்தைகள் விளையாட மணல். கட்டடத்திலேயே பொதுக் குளியல் கூடம், நீராவியில் இயங்கும் சலவைக் கூடம், குழந்தைகள் பள்ளி, வாசகசாலை, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை நிலையம். தன் வீட்டில் இடமில்லாததைத் தன் கட்டடத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இவற்றுள் பெரியவற்றில் ஒன்று கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 'ஹோஃப்' என்றால் முற்றம். நகரசபை உத்தியோகஸ்தரான கார்ல் ஏன் என்பவர் வரைந்த திட்டம். 1927-இல் தொடங்கி 1930-இல் முடிந்தது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல், 1,382 வீடுகள், சுமார் 5,000 ஜனங்கள். இருந்தும், நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மற்றதெல்லாம் வெட்டவெளியும் தோட்டமும். அங்குள்ள சலவைக் கூடத்துக்குள் மேற்பார்வையாளரைத் தவிர ஆண்பிள்ளைகள் யாரும் நுழையக் கூடாது என்று விதி. துவைப்பது பெண்கள் காரியம் என்பதைச் சோஷலிஸ்டு நகரசபையும் மாற்றவில்லை என்பதைப் பெண் வாசகர்கள் கவனித்திருப்பார்கள்!

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். தொழிலாளிக்கு எதற்கு அரண்மனை போன்ற முகப்பு, தோட்டத்தோடு கூடிய தனி வீடு போதாதா என்று கட்டடக் கலைஞர்களிலேயே சிலர் கேட்டார்கள். குழந்தைகள் எத்தனை, இப்போது இருக்கும் இடம் எப்படி என்றெல்லாம் பார்த்து, மதிப்பெண் போட்டுத்தான் வீடு ஒதுக்கினார்கள். ஆனாலும் கட்சிக்காரர்களுக்குச் சலுகை என்று எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். எல்லாக் கோபமும் வரி போட்டவர்மேல் திரும்பிற்று. 1930-இல், ஸ்டார்ஹெம்பெர்க் என்ற ஆயுதப்படைத் தலைவர், பிரைட்னரின் தலை மண்ணில் உருள வேண்டும் என்று பொதுக்கூட்டத்திலேயே பேசினார். ஒரு வரிக்காக ஒருவர் தலையைக் கேட்கிறார்கள் என்றால், அந்த வரி எங்கே தைத்திருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

அதே 1930 அக்டோபரில் கார்ல் மார்க்ஸ் ஹோஃபைத் திறந்துவைத்த மேயர் கார்ல் ஸைட்ஸ், நாங்கள் இல்லாத காலத்தில் இந்தக் கற்கள் எங்களுக்காகப் பேசும் என்றார். நாலு வருஷங்கூட ஆகவில்லை. பிரதமர் டால்ஃபுஸ் 1933-இல் பார்லிமெண்டை முடக்கினார். 1934 பிப்ரவரி 12-ஆம் தேதி உள்நாட்டுச் சண்டை மூண்டது. மேயரை நகரமன்றத்திலேயே கைது செய்தார்கள். தொழிலாளர் படையினர் இந்த முற்றங்களில் நின்று எதிர்த்தார்கள். ராணுவம் குடும்பங்கள் வசிக்கும் வீடுகள்மேல் பீரங்கிக் குண்டு பொழிந்தது. சில நாளில் எல்லாம் அடங்கிற்று. கட்டடத்தின் பெயரைக்கூட மாற்றினார்கள்.

ஆனால் என்னை அதிகமாகக் கலக்குவது பீரங்கியல்ல. அதற்கு நாலு வருஷம் கழித்து வந்த ஒரு காகிதம். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்தக் கோடையிலேயே, நகரசபை வீடுகளில் குடியிருந்த யூதக் குடும்பங்களுக்கு வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்தது. வாடகை பாக்கியில்லை; சண்டை சச்சரவில்லை; யூதர் என்பதுதான் காரணம். வீட்டைக் கொடுத்த அதே நகரசபைதான் வீட்டைப் பிடுங்கிற்று. தனிப்பட்ட வீட்டுக்காரனின் பேராசைக்குத் தப்பி அரசாங்கத்தின் நிழலில் ஒதுங்கியவனுக்கு, அரசாங்கம் கெட்டுப்போனால் ஒதுங்க வேறு நிழல் இல்லை. வீடு கட்டும் சர்க்காரைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போகக் கூடாது. சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் பாதுகாப்பாகா.

பிரைட்னரும் யூத வம்சத்தில் பிறந்தவர். நாட்டைவிட்டு வெளியேறி, 1946-இல் அமெரிக்காவில் காலமானார். அவர் கட்டிய வீடுகளைத் திரும்ப வந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் வியன்னா தன் கட்டடங்களுக்குப் பழைய பெயரைச் சூட்டி, பழைய கொள்கையையும் எடுத்துக்கொண்டது. 2004-ஆம் வருஷத்தோடு, நகரசபை தானே கட்டுவதை நிறுத்தி, லாபவரம்பு உள்ள சங்கங்களுக்கு மானியம் கொடுப்பதோடு இருந்தது. பிறகு தேவை முற்றவே, 2019-இல் நகரசபையின் புதுக் கட்டடம் ஒன்று மறுபடி திறக்கப்பட்டது. இன்று நகரத்துக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. மானிய வீடுகளையும் சேர்த்தால் நகர ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இவற்றில் குடியிருக்கிறார்கள். வருமான வரம்பைத் தாராளமாக வைத்திருப்பதால், கூலிக்காரரோடு பள்ளி ஆசிரியரும் அதே படியில் ஏறி இறங்குகிறார். ஏழைக்கென்று தனியாக ஒதுக்கிய இடத்துக்கு மற்றவர்களின் அலட்சியமும் கூடவே வந்துவிடும். எல்லோரும் இருக்கும் இடத்தில் கூரை ஒழுகினால், குரல் கொடுக்கப் பலர் இருப்பார்கள்.

இங்கிலாந்தும் இதே காலத்தில் லட்சக்கணக்கான நகரசபை வீடுகளைக் கட்டிற்று. 1980-இல் குடியிருப்பவருக்கே தள்ளுபடி விலையில் விற்கச் சட்டம் செய்தது. வாங்கியவர்களுக்கு ஆனந்தம்தான், யார்தான் சொந்த வீட்டை வேண்டாம் என்பார்? ஆனால் விற்ற வீட்டுக்கு ஈடாக வேறு வீடு கட்டுவது மிகவும் குறைந்துவிட்டது. அடுத்த தலைமுறை வரிசையில் நிற்கிறது. வியன்னா விற்கவில்லை. இரண்டு இடங்களுக்கும் இன்றுள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

அந்த முற்றங்களின் வாசலில் பெரிய சிவப்பு எழுத்துக்கள் பொறித்திருக்கின்றன. கட்டிய மன்னன் பெயரோ, மந்திரி பெயரோ அவற்றில் முதன்மையாக இல்லை. வீடு கட்டும் வரியின் பணத்திலிருந்து வியன்னா நகரம் இன்ன வருஷத்தில் கட்டியது என்றுதான் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை வாசலிலேயே எழுதிவைக்கும் துணிவு எத்தனை சர்க்கார்களுக்கு உண்டு? வரி கொடுத்தவன் அதைப் படித்துப் பல்லைக் கடித்திருக்கலாம். உள்ளே குடியிருப்பவன், இது பிச்சையல்ல, ஊர்ப் பணத்தில் ஊரார் கட்டிக்கொண்ட வீடு என்று தலைநிமிர்ந்து படியேறியிருப்பான். நூறு வருஷம் கழித்தும் எழுத்து அழியவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறது.