அட்டைக்கும் சீலைக்கும் நடுவே ஒரு படம்

தமிழில் ‘படம்’ என்ற சொல்லுக்குச் சீலை என்றும் ஓவியம் என்றும் இரு பொருள் உண்டு. ஆரணியின் பட்டுத்தறிகளைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுதானோ என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. சரித்திர நூல்கள் இவ்வூரை 1751இல் கிளைவ் நடத்திய போருக்காகக் குறித்து வைத்திருக்கின்றன, அது இருக்கட்டும். கணிப்பொறித் திரையில் உருவம் எழும் விதத்தை விளங்கிக்கொள்ள, தறியின் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைவிட நல்ல பாடநூல் கிடையாது என்பது நம் கட்சி.

கரையில் வரவேண்டிய மாங்காயை முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். தாளின் ஒரு வரிசை ஓர் அட்டையாகும். வண்ணமிட்ட கட்டத்துக்குத் துளை, மற்றதற்கு இல்லை. துளை வழியே ஊசி நுழைந்தால் அதன் கொக்கி பாவு இழைகளைத் தூக்கும். துளையில்லாவிட்டால் ஊசி பின்தள்ளப்பட்டு, கொக்கி விலகிக்கொள்ளும். 240 கொக்கிகள், 200 அட்டைகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 48,000 ‘ஆம், இல்லை’கள். கணினிக் கணக்கில் அது 6,000 பைட்டுகள்.

லியோனில் 1725இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். 1728இல் ஃபால்கோன் அதை அட்டைகளாக்கினார். 1804இல் ஜக்கார்டு அம்முயற்சிகளை ஒரே இயந்திரமாகத் திரட்டினார். அவருடைய உருவத்தையே 1839இல் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியை வைத்திருந்த பாபேஜ், தம் கணக்கீட்டு இயந்திரத்துக்கும் துளையட்டைகளையே வகுத்துக்கொண்டார். பலரும் எழுதிவிட்ட கதை இது. அதிகம் பேசப்படாதது, நெய்து முடித்தபின் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி.

வரைகலை நிரலாளர்களுக்கு இக்கேள்வி அன்றாடப் பிரச்சினை. 2016இல் வெளியான வல்கன் என்னும் இடைமுகம், ‘ரெண்டர் பாஸ்’ எனப்படும் ஒவ்வொரு வரைசுற்றிலும் இதை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னது. சுற்றில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு முடிவுகள். தொடக்கத்தில் பழைய உள்ளடக்கத்தை ஏற்றுவதா, துடைப்பதா, எதுவாயிருந்தால் என்ன என்று விடுவதா? இறுதியில் நினைவகத்தில் சேமிப்பதா, கைவிடுவதா? கைப்பேசிச் சில்லுகள் பல திரையைச் சிறு ஓடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தமக்குள்ளேயே வரைந்து முடிக்கின்றன. வெளி நினைவகத்துக்குப் போய்வருவதில்தான் மின்கலம் கரைகிறது. எனவே வண்ணப் படத்தைச் சேமித்து, எது முன்னே எது பின்னே என்று தீர்மானிக்க மட்டும் உதவிய ஆழப் படத்தைப் பெரும்பாலும் கைவிடுகிறார்கள். (சேமிக்க வேண்டியதைக் கைவிட்டவருக்குத் திரையில் குப்பை கிடைக்கும், அதற்கு யாரும் பொறுப்பில்லை.)

தறியிலும் அடுக்குகள் உண்டு. ஒரே வரியில் பல வண்ண ஊடை வருமானால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி அட்டை வேண்டும். நெய்த வரி மரத்தில் சுருண்டுவிடும். அட்டை மட்டும் அடுத்த மாங்காய்க்காகச் சுற்றிவரும். பாணி மாறினால் கட்டு அவிழ்ந்து பரணுக்குப் போகும். 1983இல் மிலானில் போனஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டியபின், அட்டையே இல்லாத தறியும் சாத்தியமாகிவிட்டது. துளைகள் இப்போது ஒரு கோப்பு.

இங்கேதான் ஒப்புமை இடறுகிறது. ஆழப் படத்தைத் துணிந்து கைவிடலாம், ஏனெனில் காட்சியின் மூலத்தரவு இருக்கிறது. அடுத்த சட்டகத்துக்கு மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம். கோப்பில் துளைகள் இருக்கின்றன. எந்தச் சாயம், எத்தனை இறுக்கம், சரிகை அறாமல் நாடாவை எப்படி எறிவது என்பது அதில் இல்லை. அவற்றின் மூலத்தரவு நெசவாளியின் கைதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பெயரைக் காக்கும்.

அட்டை தொலைந்த மாங்காயை மீட்கவும் வழியிருக்கிறது. பழைய சீலையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் விரித்து, இழை இழையாக எண்ணி, கட்டத்தாளில் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு மாங்காய்க்கே பல நாள் பிடிக்கும். அதற்கு இழை எண்ணத் தெரிந்த கண்ணும், பாட்டியின் பெட்டியில் இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கும் அந்தச் சீலையும் வேண்டும்.