ஊர் என்றால் யார்? நந்தனார் பள்ளியிலிருந்து இன்றைய பள்ளித் திட்டம் வரை



சுவாமி சகஜானந்தரின் பெயரால் நடக்கும் இந்த நினைவுப் பேருரையில் அவருடைய துறவைப் பற்றிப் பேசலாம். சட்டமன்றப் பேச்சுகளைப் பற்றியும் பேசலாம். இரண்டையும் நம் மன்றத்தில் முன்பே பலர் பேசியிருக்கிறார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அவர் செய்த ஒரேயொரு காரியத்தை. அவர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார், அது வளர்ந்தது. வளரும் பள்ளிக்கு அடுத்து என்ன வேண்டும், அதை யாரைக் கேட்டு முடிவு செய்வது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். 1910களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகளைப் பற்றி ஒரு கணக்கெடுத்தது. மொத்தப் பள்ளிகள் 8,157. அவற்றில் பஞ்சமர் குழந்தைகள் நுழைய முடிந்தவை 609. பஞ்சமர்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் அப்போது இல்லை. சொல்லப்போனால், பஞ்சமர் கல்விக்கென 1893லேயே அரசாணை வந்துவிட்டது. பிறகு எது தடுத்தது? பள்ளி இருந்த இடம்தான் தடுத்தது. பள்ளிகள் அக்கிரகாரத்தில் நடந்தன, கோவில் இடத்தில் நடந்தன, ஊர்ச் சாவடியில் நடந்தன, மிராசுதார் வாடகைக்கு விட்ட கட்டடத்தில் நடந்தன. தெருவில் நடக்கவே உரிமையில்லாத பிள்ளை அந்தத் தெருவிலிருக்கும் பள்ளிக்கு எப்படிப் போகும்? வாத்தியார் கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கட்டடத்துக்கு இடம் குறித்த அன்றே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதி மனிதர்களின் மனதில் இருக்கிறது என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். அது புல எண்ணிலும் இருக்கிறது. கிணறு எங்கே, கழிப்பறை எங்கே, சமையல்கூடம் எந்தப் பக்கம், வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்பதிலெல்லாம் இருக்கிறது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தலாம் என்று 1924ல் ஆர். வீரையன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போகும் பாதைக்கே முதலில் ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

இந்த நிலைமைக்கு எதிராக அன்று இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, பள்ளியை நம் குடியிருப்புக்குக் கொண்டுவருவது. 1894ல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி அந்த வகை. 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் திறந்த பள்ளிகளும் அதே வகைதான். அவையே பின்னாளில் அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிற்கின்றன. இரண்டாவது வழி, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் கையாலேயே ஒரு கல்விக் கழகத்தைக் கட்டுவது. சகஜானந்தர் எடுத்தது இரண்டாவது வழி.

ஆரணிக்கு அருகே 1890ல் பிறந்த முனுசாமி, வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் பயின்று சகஜானந்தராக 1910ல் சிதம்பரம் வந்தார். 1916ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 25 பிள்ளைகள். இடம் ஓமக்குளம். நந்தனாரை நெருப்பில் இறங்கச் சொல்லி ஓமம் வளர்த்த இடம் என்று மக்கள் நம்பும் அதே ஓமக்குளம். கோவிலுக்குள் போக ஒருவரை எரித்ததாகச் சொல்லும் இடத்தில், எழுத்துக்குள் போக ஒரு வாசல் வைத்தார். சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தொடங்கியது 1920ல். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக ஆனது 1929ல். அந்த ஊரின் பெரிய கல்விக் கதை தொடங்குவதற்கு முன்பே ஓமக்குளத்தில் நம் கதை தொடங்கிவிட்டது.

25 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி எப்படி வளர்ந்தது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. வகுப்பறைகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போய் அது வளரவில்லை. கொள்ளிடக் கரையிலிருந்தும் காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்தும் வரும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை அன்றாடம் நடந்து வந்து போக முடியாது. வீட்டிலிருந்தால் மாடு மேய்க்க ஆண்டை கூப்பிடுவான். ஆகவே பள்ளி வளர வேண்டுமென்றால் விடுதி வளர வேண்டும். விடுதி என்றால் சோறு. சோறு என்றால் நெல். நெல் என்றால் நிலம். பெண்பிள்ளைகள் படிக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தனிப் பள்ளியும் தங்குமிடமும் வேண்டும். இன்று சிதம்பரத்தில் அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் விடுதிகளும் இருப்பது அந்தத் தேவைகளின் வரிசைதான். கூலி வீட்டு வாழ்க்கையை அறிந்தவர் போட்ட வரிசை அது. 1926 முதல் சட்டமன்றத்தில் இருந்தவர், 1959 மே 1 அன்று மறையும்வரை அந்த வரிசையை விடவில்லை.

அம்பேத்கரும் இதே வரிசையில்தான் யோசித்தார். 1924ல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை முதலில் செய்த வேலைகளில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. கல்லூரி பிறகு வந்தது. 1945ல் மக்கள் கல்விக் கழகம், 1946ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக இரவு உயர்நிலைப் பள்ளி, 1950ல் ஔரங்காபாத்தில் கல்லூரி. மாணவன் எங்கே தூங்குவான், எப்போது அவனுக்கு நேரம் கிடைக்கும் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கட்டடம் எழும்பியது.

சுதந்திரத்துக்குப் பிறகு காமராசர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. 1950களின் பிற்பகுதியில், கல்வித் துறை இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தபோது, ஊர் ஊராக மக்கள் கூடி, தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு, நன்கொடை திரட்டி, கட்டடமும் தளவாடமும் வாங்கிக் கொடுத்தார்கள். அது பெரிய காரியம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். நிலமும் பணமும் கொடுக்கிறவர்தான் பட்டியலும் போடுகிறார் என்றால், நிலமில்லாதவரின் தேவை அந்தப் பட்டியலில் எத்தனையாவதாக வரும்? 'ஊர் கூடி' என்று எழுதும்போது அந்த ஊருக்குள் சேரி இருந்ததா? நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அரசுக் கோப்புக்கு மட்டும் தெரியாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009 இதற்கு ஒரு பதில் சொன்னது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிவடைந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு, அந்தக் குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும், அரசின் நிதி அந்தத் திட்டத்தின் அடிப்படையில் வர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 1916ல் ஒரு துறவி தன் மக்களுக்காக யோசித்துச் செய்ததை இன்று அந்த மக்களே யோசித்துச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. நம் கையில் இருக்கும் கூர்மையான கருவிகளில் இது ஒன்று. அதை நாம் துருப்பிடிக்க விட்டிருக்கிறோம்.

எப்படி என்று ஒரு அனுபவத்தால் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனியை ஒட்டிய பள்ளிக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், புதுக் கட்டடம் வரப்போகிறது. திட்டம் தயாராக இருந்தது, குழுவின் கையெழுத்துகளும் இருந்தன. கூட்டம் நடந்தது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் தாய்மார்கள் நூறுநாள் வேலையில் ஏரிக்கரையில் இருந்தார்கள். கையெழுத்து பிறகு வீடு தேடி வந்து வாங்கப்பட்டது. அன்று மாலை விளக்கு வைத்த பிறகு, காலனி அம்மன் கோவில் திட்டில் உட்கார்ந்து வரைபடத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினோம். கட்டடம் வரவிருந்த மூலையைக் காட்டியதும் ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "அங்கயா? பதினஞ்சுல வெள்ளம் வந்தப்ப எங்க இடுப்பு மட்டும் தண்ணி நின்ன எடம்பா அது" என்றார். 2015 வெள்ளத்தில் அவர்கள் ஒதுங்கியதே பழைய பள்ளிக் கட்டடத்தில்தான். இன்னொரு தாய், "மேல ரூமு அப்புறம் கட்டுங்க. மொதல்ல கக்கூசுக்குத் தண்ணி வுடுங்க. எம்பொண்ணு காலையில தண்ணியே குடிக்காமதான் ஸ்கூலுக்குப் போவுது" என்றார்.

வரைபடம் போட்ட பொறியாளர் கெட்டவர் இல்லை. அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். காலனி ஏன் பள்ளத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேட்டு நிலம் ஊருக்கு, வடிகால் பள்ளம் நமக்கு என்பது தலைமுறைகளாக எழுதாமல் நடந்த பங்கீடு. அந்தப் பள்ளத்தின் வரலாறு அந்தப் பாட்டியின் இடுப்பளவில் இருக்கிறது. மக்கள் கருத்தைக் கேட்பது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கேட்காமல் கட்டினால் கட்டடம் தண்ணீரில் நிற்கும்.

கேட்காமல் வளர்ந்த பள்ளி என்ன ஆகும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நாடே பார்த்தது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், கீற்றுக் கொட்டகை, அருகே அடுப்பு, குறுகலான மாடிப்படி. 94 குழந்தைகள் எரிந்து போனார்கள். அங்கே பிள்ளைகளின் எண்ணிக்கை வளர்ந்தது. அவர்களுக்கான இடம் வளரவில்லை.

இப்போது நம் முன் நிற்கும் பிரச்சினைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத் துறையின் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. பல்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024ல் தந்த அறிக்கையும் பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளம் நீங்க வேண்டும், அவை ஒரே துறையின் கீழ் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் தோழர்களிடையே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. தனிப்பள்ளி தீண்டாமையின் தழும்பு, அது போகட்டும் என்கிறார்கள் சிலர். அது நம் முன்னோர் போராடிப் பெற்ற சொத்து, கை நழுவ விடக்கூடாது என்கிறார்கள் சிலர். இரண்டும் உண்மை. தழும்பும் நம்முடையது, சொத்தும் நம்முடையது. அதனால்தான் அதைப் பற்றிய முடிவு நம்மைக் கேட்காமல் எடுக்கப்படக் கூடாது.

பெயர்ப் பலகையைப் பற்றி மட்டும் விவாதித்துக்கொண்டிருந்தால் பலகைக்குப் பின்னால் இருப்பதை இழந்துவிடுவோம். பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது? விடுதி யாரிடம் போகும்? பிள்ளைகள் குறைந்தார்கள் என்று சொல்லி மூடினால் அந்த இடம் என்ன ஆகும்? பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த மக்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆகவே இங்கே வந்திருக்கும் மாணவர்களிடமும் செயல்பாட்டாளர்களிடமும் நாம் கேட்டுக்கொள்வது இதைத்தான். உங்கள் பகுதிப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டாவையும் புலப்படத்தையும் நகல் வாங்குங்கள். காலனியில் வீடு வீடாகப் போய், அடுத்த பத்து ஆண்டில் எத்தனை பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள், எத்தனை பெண்கள் எட்டோடு நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டம் வேலை முடிந்து வரும் மாலையில், சேரியின் நடுவில் நடக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். தாய்மார்கள் சொன்ன வரிசையிலேயே தேவைகள் திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறைவேறிய திட்டத்தைப் பள்ளிச் சுவரில் எல்லோரும் படிக்க எழுதி வையுங்கள். பொதுப்பள்ளியானாலும் இதையே செய்யுங்கள். அங்கேதான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்கிறார்கள்.

சகஜானந்தர் 25 பிள்ளைகளோடு ஓமக்குளத்தில் உட்கார்ந்தபோது அவரிடம் வரைபடம் இருந்திருக்காது. எந்தப் பிள்ளை எந்தச் சேரியிலிருந்து, எத்தனை மைல் நடந்து, என்ன சாப்பிட்டுவிட்டு வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பள்ளிகளின் அடுத்த ஐம்பது ஆண்டுத் திட்டமும் அந்தத் தகவலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் காலனிப் பாட்டி இன்னும் இருக்கிறார். மாலையில் போனால் பார்க்கலாம், திட்டில்தான் உட்கார்ந்திருப்பார். போய்க் கேளுங்கள்.