பெல் சத்திரத்தின் வளைவாசல்

லண்டனில் கிளம்பி எடின்பரோவில் முடிவது இங்கிலாந்தின் பழைய வடக்குப் பெருஞ்சாலை. லண்டனிலிருந்து எழுபது மைல் சொச்சத்தில் அந்தச் சாலையில் ஸ்டில்டன் என்று ஒரு கிராமம். பெரிய தெரு ஒன்றுதான், அதுவே பழைய சாலை. ரோமானியர்கள் போட்ட எர்மைன் வீதியின் தடமும் அதுவே. தெருவோரம் சுண்ணாம்புக் கல்லில் நீளமாகக் கட்டிய சத்திரம்தான் பெல் இன். சுவரில் 1642 என்று ஆண்டு இருக்கிறது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டு அது. நாடு இரண்டுபட்டுக் கிடந்தாலும் சாலையில் ஆள் வரத்து நிற்காது என்று கணக்குப் போட்டு யாரோ கல்லில் காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

தெருவில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது பெயர்ப்பலகை. சுருள் சுருளாக வளைத்த இரும்புத் தாங்கி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் செம்பு மணி உருவம் தொங்கும். அழகான கொல்லன் வேலை. ஆனாலும் கட்டடத்தின் சூட்சுமம் அதன் வளைவாசலில்தான் இருக்கிறது. வண்டி உள்ளே போகும் அகலத்துக்குத் தரைத்தளத்தையே வெட்டிவிட்ட வழி அது. உள்ளே கல் பாவிய முற்றம். படுக்கையறையும் சாப்பாட்டுக் கூடமும் தெருப்பக்கம், குதிரைகளுக்கான இடம் பின்பக்கம். கோச்சு வண்டிகளில் உள்ளே இடம் கிடைக்காதவர்களும் காசு குறைவானவர்களும் கூரையில் உட்கார்ந்து போவார்கள். இப்படிப்பட்ட வளைவுகள் வந்தால் அவர்கள் குனிந்தாக வேண்டும். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், சாண்ட்விச் தின்றபடி வந்த ஒரு தாய்க்கு வளைவு இடித்துத் தலையே போனது என்று ஒரு பாத்திரம் அளந்துவிடும். பச்சைப் புளுகு. ஆனால் அந்தக் காலத்து வாசகருக்கு வளைவின் உயரத்தை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெல் சத்திரத்தின் வளைவில், முற்றத்தைப் பார்த்த பக்கம், லண்டன், ஹண்டிங்டன், ஸ்டாம்ஃபர்ட் போன்ற ஊர்களின் தூரம் மைலில் இன்றும் எழுதியிருக்கிறது. கிளம்பும்போது கண்ணில் படும் இடம் அது. அன்று வாடகைக் குதிரைக்கு மைல் கணக்கில்தான் காசு என்பதால், அதைக் கட்டணப் பலகை என்றே நான் வாசிக்கிறேன்.

சத்திரத்துக்கு உண்மையான முதலாளி குதிரைதான். ஓட்டமாக ஓடும் குதிரை பத்துப் பதினைந்து மைலுக்கு மேல் தாங்காது. அதனால் சாலை நெடுக அந்த இடைவெளியில் ஒரு சத்திரம் இருந்தது. 1784-இல் தபால் கோச்சுகள் வந்தபின் அவசரம் இன்னும் கூடியது. கோச்சுக் காவலர் தூரத்திலேயே கொம்பு ஊதுவார். சத்தம் கேட்டதும் லாயக்காரர்கள் சேணம் பூட்டிய நாலு குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். களைத்தவற்றை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அவிழ்த்த குதிரையை வைக்கோலால் தேய்த்து வியர்வை போக்கி, நடக்கவிட்டு, பிறகுதான் தண்ணீர் காட்டுவார்கள்.

தபால் கோச்சுகளுக்கு முன்பே, பெல் சத்திரக்காரர் கூப்பர் தார்ன்ஹில் 1745 ஏப்ரல் 29 அன்று குதிரையேறி ஓடிய பந்தயத்தையும் குதிரை மாற்றும் இந்த ஏற்பாட்டின் பின்னணியில் பார்க்க வேண்டும். ஸ்டில்டனிலிருந்து அன்று லண்டன் எல்லையில் இருந்த ஷோர்டிச், அங்கிருந்து ஸ்டில்டன், மறுபடி ஷோர்டிச்: மொத்தம் 213 மைல். பதினைந்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 12 மணி 17 நிமிடத்தில் முடித்தார். ஊரெல்லாம் அவரைக் கொண்டாடியது, படம் அச்சடித்து விற்றார்கள். தார்ன்ஹில்லின் தொடை வலுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வழியில் மாற்றுக் குதிரைகள் தயாராக நிற்காவிட்டால் அந்த வேகம் நடக்கிற காரியமில்லை. அந்தச் சாதனையில் பாதி லாயங்களுடையது.

வளைவு வழியாக இன்னொரு சரக்கும் பேர் வாங்கியது: நீல நரம்போடிய பாலாடைக்கட்டி. மெல்ட்டன் மோப்ரே பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரவழைத்து, தார்ன்ஹில் வருவோர் போவோருக்கு விற்றார். விற்ற ஊரின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே, 1720களில் டேனியல் டீஃபோ இந்த ஊரின் பாலாடைக்கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் மொய்க்கும் பூச்சிகளையும் சேர்த்து எடுத்துத் தின்னக் கூடவே ஸ்பூன் கொடுப்பார்களாம்.

பிறகு ரயில். 1850-இல் கிரேட் நார்தர்ன் ரயில்பாதை சில மைல் கிழக்கே தள்ளிப் பீட்டர்பரோவுக்குப் போயிற்று. லாயம் எத்தனை பெரிதோ அத்தனை நஷ்டம். குதிரையில்லாத கொட்டடிக்கும் கூரை மாற்றித்தானே ஆக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் கார் சாலைக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஏ1 என்று எண் பெற்ற அதே சாலையில் லாரிகள் பெல் சத்திரத்தின் சுவரோரம் உறுமிக்கொண்டு போயின. 1950களின் கடைசியில் அதையும் புறவழிச்சாலை பறித்துக்கொண்டது. இரண்டாவது அடியைக் கட்டடம் தாங்கவில்லை; பாழடைந்தது.

1980களில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கி, 1990-இல் பெல் மறுபடி திறந்தது. கல் சுவரும் செம்பு மணியும் வளைவும் நிலைத்தன. பின்முற்றத்தைச் சுற்றித் தங்கும் அறைகள் எழும்பின. தங்க வருபவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் பரிமாறுகிறார்கள். அதை மட்டும் ஊரில் செய்துவிட முடியாது. 1996-இல் கிடைத்த புவிசார் பாதுகாப்பின்படி டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்தால்தான் அதை ஸ்டில்டன் என்று சொல்லி விற்கலாம். ஸ்டில்டன் கிராமமோ கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது. அதனால் தார்ன்ஹில் காலத்தைப் போலவே இன்றும் அது வெளியூரிலிருந்துதான் வந்து சேர்கிறது.