அப்பத்தாவின் வேட்டித் துணியும் பைக்கால் ஏரியும்

இந்தக் கதையை எங்க ஊர் தேவகோட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப, அப்பத்தா ஊருணித் தண்ணியை வேட்டித் துணியில வடிகட்டித்தான் குடத்துல ஊத்துவாங்க. துணியில வெள்ளையா சில புள்ளிகள் துள்ளும். "இது என்ன அப்பத்தா?"ன்னு கேட்டா, "பூச்சிடா"ன்னு முடிச்சிடுவாங்க.

அறிவியலும் ரொம்ப காலம் இந்தப் பொடி உயிர்கள்கிட்ட திணறிக்கிட்டுத்தான் இருந்தது. ரெண்டு இனத்தைப் பிரிக்கணும்னா மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சு, காலைத் தனியா எடுத்து, அதுல இருக்கிற முள்ளையும் மயிரையும் எண்ணணும். குஞ்சா இருந்தா அதுவும் பல நேரம் உதவாது.

2003ல கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல இருந்து பால் ஹீபர்ட் ஒரு குறுக்கு வழி சொன்னார். அவர் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணதே டாஃப்னியாங்கிற தண்ணித் தெள்ளைத்தான். மைட்டோகாண்ட்ரியாவில இருக்கிற ஒரு ஜீன்ல, சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் படிச்சா போதும், பெரும்பாலான விலங்குகளை அடையாளம் கண்டுடலாம்னார். கடையில சோப்புக்கு பார்கோட் இருக்கிற மாதிரி. நம்ம கோடிங் பாஷையில சொன்னா, அந்த 650 எழுத்துதான் கீ. டேட்டாபேஸ்ல தேடினா பேர் வந்து நிக்கும்.

இந்த கீ எவ்வளவு தூரம் போகும்னு பார்க்க, உலகத்திலேயே பழைய ஏரிக்குப் போகலாம். சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு வயசு சுமார் 2.5 கோடி வருஷம், ஆழம் 1642 மீட்டர். வேற எங்கேயும் இல்லாத நூத்துக்கணக்கான குட்டி இறால் வகைகள் அங்க இருக்கு. கரையோரக் கல்லுக்கு அடியில வாழ்ற ஒன்னுக்கு, 1858லேயே பேர் வச்சுட்டாங்க. இன்னைக்கு அதோட பேர் யூலிம்னோகம்மாரஸ் வெருகோசஸ். ஒன்னரை நூற்றாண்டுக்கு மேல அது ஒரே இனம்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. டி.என்.ஏ.வைப் படிச்சா மூணு கூட்டம் தெரிஞ்சது! அங்காரா ஆறு ஏரியை விட்டு வெளியேறுற வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் இன்னொன்னு. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி. 2022ல வெளியான ஆய்வுல, இந்த ரெண்டையும் ஜோடி சேர்த்துப் பார்த்தாங்க. ஜோடி சேர்ந்தது, ஆனா கரு ஆரம்பத்திலேயே நின்னு போச்சு. அதாவது ரெண்டும் வேற வேற இனம்.

சரி, மூணுல யாருக்கு அந்தப் பழைய பேர் சேரும்? அதை மெஷின் சொல்லாது. 1858 பதிவைத்தான் திரும்பப் புரட்டணும்.

அப்படிப் பதிவு எழுதின ஒருத்தர் நம்ம பக்கத்திலேயும் இருந்தார். நெல்சன் அன்னன்டேல். 1916ல கல்கத்தாவில இந்திய விலங்கியல் ஆய்வகத்தை ஆரம்பிச்சவர். எங்க ஊர் நகரத்தார் பர்மாவில வட்டிக்கடை நடத்திக்கிட்டிருந்த அதே காலத்துல, 1917ல, அவர் அதே பர்மாவின் இன்லே ஏரிக்குப் போனார். அங்க இருந்த மீனையும் நத்தையையும் சேகரிச்சு, அடுத்த வருஷமே விவரமா எழுதி வெளியிட்டார். டையாங்கிற நத்தைப் பேரினத்துக்குப் பேர் வச்சவரே அவர்தான். நம்ம ஆளுங்க தேக்கு மரத்தோட வந்தாங்க, அவர் நத்தையோட வந்தார்.

விஷயம் இங்கதான் இருக்கு. பார்கோட் ஸ்கேனர் எவ்வளவு வேகமா இருந்தாலும், பதிவேட்டுல ஏற்கனவே எழுதினதைத்தான் காட்டும். யாரும் உட்கார்ந்து காலை எண்ணி, வரைஞ்சு, பேர் வச்சு, மாதிரியைப் பாட்டில்ல பத்திரப்படுத்தலைன்னா, நமக்குக் கிடைக்கிறது வெறும் நம்பர். பைக்காலுக்கு அந்தப் பதிவேடு இருந்தது. அதனாலதான் அதுல இருந்த தப்பையும் கண்டுபிடிக்க முடிஞ்சது.

எங்க ஊருணி பைக்கால் இல்ல. மனுஷன் வெட்டினது, கோடையில காய்ஞ்சு வெடிச்சுடும். ஆனா செத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க. தண்ணித் தெள்ளும் சில குட்டி இறால்களும் கெட்டியான ஓடு போட்ட முட்டையை வண்டல்ல விட்டுட்டுப் போகும். வருஷக்கணக்கா தூங்கி, மழை வந்ததும் எந்திரிக்கும். ஊருணியை மூடி மேல கட்டடம் கட்டினா, அந்த முட்டைக்கு எந்த மழையும் வராது.

அந்த வண்டல்ல ஒரு பிடி எடுத்து இன்னைக்கே மெஷின்ல கொடுத்தாலும், பேர் எழுதாத உயிருக்கு அதுவும் எங்க அப்பத்தா மாதிரிதான் சொல்லும்: "பூச்சிடா."