எந்த வெள்ளி?

தோட்டக் கூலி ரப்பர் விலையோடு ஏறி இறங்கும். அதனாலேயே புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் பேங்க் வேலைக்குத் தனி மரியாதை. “ரப்பர் வெல எறங்குனாலும் பேங்க்காரனுக்குக் கவலயில்ல” என்பார் பாட்டி. இன்று அந்த மரியாதை சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டது. நிதி, காப்புறுதித் துறைகளில் எந்த நாட்டில் சம்பளம் எத்தனை விழுக்காடு ஏறியது என்று அட்டவணை காட்டிப் பேசுகிறார்கள். விழுக்காடு என்றால் ‘எதில்?’ என்று கேட்பது பொறியியல் படித்தவன் பழக்கம்.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியையே எடுத்துக்கொள்ளலாம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூனில் தொடங்கினார். பிறகு பினாங்கு, சிங்கப்பூர். வட்டிக்கடைகள் போன அதே பாதை. 1969இல் இந்தியா அதை அரசுடைமையாக்கியது. வெளிநாட்டு அரசின் வங்கி இங்கே இயங்கக் கூடாது என்றது மலேசியச் சட்டம். ஆகவே 1973இல் அதன் ஐந்து மலேசியக் கிளைகள், இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் இங்குள்ள கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் ஆசியன் வங்கியாயின. சிங்கப்பூர்க் கிளை பழைய பெயரிலேயே நின்றது.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்றும் பிரிந்தது. 1967இல் தனித்தனி நாணயம் வந்த பின்பும் மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியாகின. அந்த ஏற்பாட்டை மலேசியா முடித்துக்கொண்டது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். பினாங்குக் குமாஸ்தாவுக்கும் சிங்கப்பூர்க் குமாஸ்தாவுக்கும் அவரவர் பணத்தில் ஒரே விழுக்காடு ஏறியிருந்தால், அட்டவணையில் இருவரும் சமம்! பேச்சிலும் இரண்டையும் ‘வெள்ளி’ என்றே சொல்லித் தொலைக்கிறோம்.

சிங்கப்பூரிலும் ஏற்றம் தானாக வரவில்லை. 1979 முதல் மூன்றாண்டுகள் தேசியச் சம்பள மன்றம் வேண்டுமென்றே பெரிய உயர்வுகளைப் பரிந்துரைத்தது. மலிவுக் கூலித் தொழில்கள் போகட்டும் என்பது கணக்கு. 1985இல் பொருளாதாரம் சுருங்கியது. மறு ஆண்டு முதலாளி கட்டும் மத்திய சேமநிதி 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு வெட்டப்பட்டது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. இந்தியாவில் 2024 மார்ச்சில் வங்கி ஊழியர்களுக்கு 17 விழுக்காடு உயர்வு கையெழுத்தானது. பெரிதுதான், ஆனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வருவது.

சித்தி மகனுக்குச் சிங்கப்பூர்க் காப்புறுதி நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது. “மாத்திப் பாத்தா ரெண்டு மடங்குண்ணே” என்றான். “அங்க நிரந்தரவாசி ஆகுற வரைக்கும் சேமநிதி கெடையாது. இங்க அஞ்சாயிரம் வரைக்கும் சம்பளம்னா முதலாளி மேல 13 விழுக்காடு போடணும். அதையும் சேர்த்து, அங்கத்த ரூம் வாடகையக் கழிச்சுப் பாரு” என்றேன். இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.