மருந்தாக்கும் கல்லீரல்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் தரும் பெரியாற்று அணையைப் பற்றிக் கேட்டால், பென்னிகுயிக்கின் பெயரைச் சொல்லாத மாணவர் இரார். 1887 முதல் 1895 வரை நடைபெற்ற அவ்வேலையில், காட்டுக் குளிர்சுரத்துக்கு இரையான கூலியாட்களின் பெயரைச் சொல்லுவார்தாம் இல்லை. பிள்ளைகளைத் தேக்கடிக்கு அழைத்துச் சென்றபோதெல்லாம் இதை நான் எண்ணியதுண்டு.

மலேரியா எனப்படும் அந்நோய்க்கு அக்காலத்தில் கைகண்ட மருந்து கொயினா. உட்கொண்ட உருவிலேயே குருதியிற் கலந்து, கிருமியைத் தாக்கவல்லது அது. ஆனால், இங்கிலாந்தில் கர்டு, ரோஸ் முதலிய அறிஞர்கள் 1945-இல் அறிவித்த 'பாலுட்ரின்' என்னும் மருந்தோ ஒரு புதிராயிற்று. நோயாளிக்குக் கொடுத்தால் சுரம் தணிந்தது. கண்ணாடிக் குழாயில் கிருமிகளோடு சேர்த்தால் அவை சாகவில்லை! மருந்து நல்லதா, சோதனை பொய்யா?

இரண்டும் மெய்யே என்பதை 1947-இல் பிராங்க் ஹாக்கிங் விளக்கினார். (புகழ்பெற்ற ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தையார் இவர்.) கல்லீரல் திசுவோடு சேர்த்து வைத்தபின், அதே மருந்து குழாயிலும் கிருமியைக் கொன்றது. நாம் விழுங்குவது மூலப்பொருளே; மருந்தாக்குவது கல்லீரலில் உள்ள நொதி. அவ்வாறு உண்டாகும் பொருளின் அமைப்பு 1951-இல் வெளியாயிற்று. சைக்ளோகுவானில் என்பது அதன் பெயர். இந்நொதி பிறவியிலேயே வலுக்குன்றியவரும் உளர். ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அவர் தொகை மிகுதி. அவர்கள் உடலில் இம்மாற்றம் குறைவாகவே நிகழும்.

நொதிக்கு நன்மை தீமை தெரியாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயம் குடித்து மாண்டனரே, அதிற் கலந்திருந்த மெத்தனாலை எண்ணிப் பாருங்கள். குடித்தவுடன் அது வெறும் மயக்கமே தரும். கல்லீரல் நொதிகள் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. கண்ணொளியையும் உயிரையும் கவர்வது பெரும்பாலும் அவ்வமிலமே. இதற்குச் சில மணி நேரம் ஆவதால், 'எனக்கொன்றும் இல்லை' என்று வீட்டிலேயே படுத்துவிடுபவர் பலர்.

அந்த இடைவெளியே மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. நோயாளிக்கு அவர் அளவறிந்து எத்தில் ஆல்கஹாலையோ, ஃபோமிபிசோல் என்னும் மருந்தையோ செலுத்துவார். முதல் நொதி அவற்றையே பற்றிக்கொள்ளும். அதற்குள் மெத்தனால் மாறாமலே சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறும்; வேண்டுமாயின் இயந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்வர்.